புதுக் கர்னலை எப்போது ஏற்றுவது? கடைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குப் புதிய பதிப்பு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் யாராவது கூப்பிடுவார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கும் கடைக்காரர், "தம்பி, அப்டேட்டுன்னு காட்டுது, அமுக்கலாமா வேண்டாமா?" என்பார். கருப்பூரில் பொறியியல் படிக்கும் பெண், "அண்ணா, புது லேப்டாப்ல வைஃபையே வரல, கர்னல் மாத்தணுமா?" என்பாள். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர், "மேலே இருக்கிற மிஷின நீங்க கீழே இருந்தே பார்த்துக்கங்க சார்" என்பார். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது அது தப்பாகப் போகும். அதனால் இதை ஒருமுறை விரிவாக எழுதி வைக்கிறேன்.

## இது ஒரு முடிவல்ல, இரண்டு

6.11-இலிருந்து 6.12-க்குப் போவது பெரிய தாவல். புது டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்), புது வசதிகள், உள்ளே மாற்றி எழுதிய பகுதிகள் எல்லாம் அதில் வரும். 6.12.20-இலிருந்து 6.12.21-க்குப் போவது சின்ன நகர்வு. பிழைத்திருத்தமும் பாதுகாப்பு ஒட்டுகளும்தான் (ஓட்டையை அடைக்கும் திருத்தங்கள்) அதில் இருக்கும், கூடவே எப்போதாவது ஒரு புது வன்பொருளின் அடையாள எண்.

"அப்டேட் போடுவதா வேண்டாமா" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஒருமுறை பெரிய தாவலில் அடிபட்டதும் எல்லா அப்டேட்டையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் இரண்டு வருஷம் ஒரு பாதுகாப்பு ஒட்டுகூட இல்லாமல் அந்தக் கணினி இணையத்தில் இருக்கும். நான் பார்த்ததில் மோசமான நிலை இதுதான். சின்ன நகர்வை நாள்கணக்கில் எடுத்துவிட வேண்டும். பெரிய தாவலை மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ தள்ளலாம். எவ்வளவு தள்ளலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலில் வன்பொருள். இப்போதைய கர்னலில் எல்லாம் வேலை செய்கிறதா? வைஃபை, சத்தம், திரை, மூடித் திறந்தால் விழித்தெழுவது, இவை நான்கும் சரியென்றால் பெரிய தாவலுக்கான முக்கியக் காரணம் போய்விடுகிறது.

இரண்டாவது, கர்னலுக்கு வெளியே இருந்து ஏற்றிய டிரைவர்கள். என்விடியாவின் டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ், இசட்எஃப்எஸ், சில யுஎஸ்பி வைஃபை அடாப்டர்கள் இந்த ரகம். கர்னலுக்குள் இருக்கும் டிரைவரை, உள்ளே எதையாவது மாற்றுகிறவர்களே சேர்த்துத் திருத்திவிடுவார்கள். வெளியே இருப்பதை அதன் ஆட்கள்தான் பின்னால் ஓடிவந்து திருத்த வேண்டும். சாதாரண நிரல்கள் உடையக் கூடாது என்பதில் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். வெளி டிரைவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

மூன்றாவது, திரும்பிவர வழி. கணினி எழும்போது வரும் பூட் மெனுவில் பழைய கர்னல் இருக்கிறதா? அதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா?

நான்காவது தூரம். இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

2024 ஆகஸ்ட். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் அலுவலகக் கணினி, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வகை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கேபிள் இழுக்கவில்லை, யுஎஸ்பி வைஃபை அடாப்டர்தான். அதன் டிரைவரை நான் வெளியிலிருந்து எடுத்து, கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மீண்டும் தொகுக்கும் டிகேஎம்எஸ் வழியாக ஏற்றியிருந்தேன். தானியங்கி அப்டேட்டையும் திறந்தே விட்டிருந்தேன். அந்த மாதம்தான் உபுண்டு டெஸ்க்டாப் 6.5 கர்னலிலிருந்து 6.8-க்கு நகர்ந்தது. ராத்திரி மழை, கரண்ட் போய் வந்தது, கணினி புதுக் கர்னலில் எழுந்தது. டிரைவர் அதோடு ஒட்டவில்லை. கணினி நன்றாகத்தான் ஓடியது, என்னால்தான் அதற்குள் நுழைய முடியவில்லை.

போனில் வழி சொல்லிப் பார்த்தேன். ஒரே ஒரு இயங்குதளம் மட்டும் இருக்கும் உபுண்டுவில் கிரப் என்ற அந்தப் பூட் மெனு தானாகத் தெரியாது, கணினி எழும்போது சரியான நொடியில் எஸ்கேப் விசையை அமுக்க வேண்டும். அங்கிருந்த கணக்கப்பிள்ளை நாலு தடவை முயன்றார், பிடிபடவில்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன், மேலே பாதி தூரம் பனிமூட்டம். அங்கே போய்ச் செய்தது மூன்று நிமிட வேலை: எஸ்கேப், "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்ற வரி, அதற்குள் பழைய 6.5. விசிறி சத்தம் அடங்கி, அடாப்டரின் நீல விளக்கு மினுங்கத் தொடங்கியதும்தான் மூச்சு வந்தது. கீழே இறங்கும்போது இருட்டிவிட்டது.

அன்றிலிருந்து எந்தக் கணினியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: நாளைக் காலை இது எழவில்லை என்றால் யார் போவார்கள், எவ்வளவு நேரத்தில் போவார்கள்?

## வழி ஒன்று: வந்த கையோடு ஏற்றுவது

ஆர்ச், ஓபன்சூசே டம்பிள்வீட் போன்ற லினக்ஸ் வகைகள் இந்த வழி. புதுப் பதிப்பு வந்து ஓரிரு வாரத்தில் உங்கள் கணினிக்கு வந்துவிடும். டம்பிள்வீடில் ஒவ்வொரு தொகுப்பும் ஓபன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனையைத் தாண்டித்தான் வெளியே வரும், அதனால் அது நினைப்பதைவிடப் பத்திரம்.

ஆதாயம் தெளிவு. புது வன்பொருளுக்கு ஆதரவு முதலில் இங்கேதான் கிடைக்கும், பிழைத்திருத்தங்களும் தாமதமில்லாமல் வரும். பிழையைப் பார்த்துப் புகார் எழுதினால் எழுதியவருக்கே அந்த மாற்றம் இன்னும் நினைவில் இருக்கும், சீக்கிரம் சரியாகும். இந்த வழியில் இருப்பவர்கள் நம் எல்லோருக்காகவும் முதலில் நடந்து பார்க்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? 2022 செப்டம்பர் கடைசியில் 5.19.12 வந்தது. சில இன்டெல் லேப்டாப்களில் திரை வெள்ளையாக வெட்டி வெட்டி மின்னியது. திரைக்கே சேதம் வரலாம் என்று இன்டெல் பொறியாளர் ஒருவரே எச்சரித்தார், சில நாளில் 5.19.13 வந்து சரியானது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சீக்கிரம் ஏற்றியவர்கள்தான். கவனியுங்கள், அதுவும் ஒரு சின்ன நகர்வுதான்.

இன்னொரு செலவு தினசரி. ஆர்ச்சில் கர்னலை அப்டேட் செய்ததும் பழைய கர்னலின் டிரைவர் கோப்புகள் போய்விடும். ரீபூட் செய்யாமல் வேலையைத் தொடர்ந்து, சாயங்காலம் ஒரு பென்டிரைவைச் செருகினால் கணினி அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு வாங்கியவரை எனக்குத் தெரியும். ஆர்ச்சில் இருந்தால் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) கர்னலையும் பக்கத்தில் நிறுவி வையுங்கள். புதியது எழவில்லை என்றால் அதுதான் உங்கள் மாற்றுச் சாவி.

நிறுத்தவும் முடியாது என்பது கடைசிச் செலவு. சாதாரணப் பதிப்பு ஒன்றுக்கு அடுத்த பதிப்பு வந்து சில வாரத்தில் ஆதரவு முடிந்துவிடும். இந்தத் தடத்தில் ஏறினால் இரண்டு மாதத்துக்கு ஒரு தாவல் உறுதி.

கணினி உங்கள் மடியில் இருந்து, கிரப் மெனு உங்களுக்குப் பழக்கமென்றால் இது நல்ல வழி. பூட்டிய அறையில், மலைமேல் இருக்கும் கணினிக்கு இதை நான் செய்ய மாட்டேன்.

## வழி இரண்டு: கொஞ்சம் ஆறவிட்டு ஏற்றுவது

ஃபெடோரா நடுவழி. அதே வெளியீட்டுக்குள்ளேயே புதுக் கர்னல்களைக் கொண்டுவருகிறார்கள், ஆனால் பூஜ்யப் பதிப்பை (ஒரு தாவலின் முதல் வெளியீட்டை) அப்படியே தள்ளாமல், முதல் சில சின்னத் திருத்தங்கள் வந்தபிறகு, சோதனை வாரம் ஒன்று நடத்தி அனுப்புகிறார்கள். முந்தைய கர்னல்களையும் சேர்த்து மூன்று வரை இயல்பாகவே வைத்திருக்கும். அந்த ஒரு ஏற்பாடு பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

உபுண்டு எல்டிஎஸ் டெஸ்க்டாப்பில் வரும் எச்டபிள்யூஇ (புது வன்பொருளுக்கான) கர்னலும் இந்த வகைதான். சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய தாவல். 22.04 மட்டுமே 5.15-இல் தொடங்கி 5.19, 6.2, 6.5, 6.8 என்று நகர்ந்தது. என் எஸ்டேட் கதையில் மாட்டியது இதில்தான். "எல்டிஎஸ் போட்டிருக்கிறோம், கர்னல் மாறாது" என்று நினைப்பவர்கள் நிறைய. டெஸ்க்டாப்பில் மாறும். சர்வர் நிறுவலில் இயல்பாக மாறாது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு கணினியை மலைமேல் விட்டுவிட்டு வரக் கூடாது.

இங்கே ஒளிந்த செலவு இடம். கர்னல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷனைத் தனியாகச் சிறிதாக வைத்து நிறுவிய கணினிகளில் மூன்று நான்கு கர்னல் சேர்ந்தால் இடம் நிரம்பி அப்டேட் பாதியில் நிற்கும். யாராவது எப்போதாவது பார்த்துத் துடைக்க வேண்டும்.

வன்பொருள் ஒன்றிரண்டு வருஷப் புதுசு, வெளி டிரைவர் அதிகமில்லை, ஊருக்குள் இருக்கும் கணினி என்றால் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

## வழி மூன்று: ஒரே வரிசையில் இருப்பது

வருஷத்தின் கடைசிக் கர்னலை எல்டிஎஸ் வரிசையாக எடுத்து, கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் வருஷக்கணக்கில் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுகிறார்கள். 5.15, 6.1, 6.6, 6.12 எல்லாம் அப்படித் தேர்ந்தவை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் 6.1, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 6.12. ரெட் ஹேட் வேறு மாதிரி: ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் 5.14 என்ற எண்ணை உறையவைத்துவிட்டு, பிந்தைய கர்னல்களிலிருந்து தேவையானதைப் பின்கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அங்கே எண்ணைப் பார்த்து "இவ்வளவு பழசா" என்று முடிவுகட்டக் கூடாது. உபுண்டு 24.04-இன் 6.8 கர்னல் குழுவின் எல்டிஎஸ் வரிசையில் இல்லாதது. அதற்கு ஒட்டுப்போடும் பாரத்தை உபுண்டுவின் நிறுவனமான கேனானிகல் தானே சுமக்கிறது.

பழசு என்றால் பாதுகாப்பு என்று நினைப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. 2023 டிசம்பர் 9-இல் வரவேண்டிய டெபியன் 12.3 தள்ளிவைக்கப்பட்டது, ஏனென்றால் அதிலிருந்த 6.1.64 கர்னலில் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் தரவு சிதையும் பிழை இருந்தது. புதுக் கர்னலுக்கு எழுதிய ஒரு திருத்தத்தைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். அது சார்ந்திருந்த இன்னொரு மாற்றம் 6.5-இல்தான் சேர்ந்தது, 6.1-க்கு வரவே இல்லை. மறுநாளே 6.1.66-உடன் 12.4 வெளியானது. அந்த ஒரு நாளில் டெபியன் ஆட்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. பின்கொண்டுவருவது வெட்டி ஒட்டுகிற வேலை, தையல் எங்கே பிரியும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் சின்ன நகர்வையும் நான் வந்த நிமிஷத்தில் எடுப்பதில்லை, மூன்று நான்கு நாள் விட்டு எடுக்கிறேன். ஓட்டையை யாராவது ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்று செய்தி வந்தால் மட்டும் அன்றைக்கே.

பாதுகாப்புப் பக்கம் வயதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் வெளிவந்த டர்ட்டி பைப் ஓட்டை 5.8-இல் நுழைந்தது, அதற்கு முந்தைய கர்னல்களில் அது இல்லை. 2016-இல் வெளிவந்த டர்ட்டி கவ் 2007-இலிருந்தே கர்னலுக்குள் இருந்தது. முதலாவதில் பழையவர் தப்பித்தார், இரண்டாவதில் எல்லோரும் மாட்டினார்கள். இரண்டிலும் காப்பாற்றியது ஒட்டு சீக்கிரம் வந்துசேர்ந்ததுதான்.

2024 பிப்ரவரியிலிருந்து கர்னல் குழுவே பாதுகாப்பு ஓட்டைகளுக்கான சிவிஇ அடையாள எண்கள் வழங்குகிறது, சின்னச் சின்னத் திருத்தங்களுக்கும் எண் விழுகிறது. அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து பெரிய தாவலுக்குப் போக வேண்டாம். எல்டிஎஸ் வரிசைக்கும் அந்தத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

லைவ்பேட்ச் போன்ற தனி ஏற்பாடு இல்லையென்றால், ரீபூட் செய்யாமல் எந்தக் கர்னல் ஒட்டும் உயிர்பெறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்டேட் ஆகியும் ஏழெட்டு மாதமாக அணைக்காத அப்படிப்பட்ட கணினியில் ஓடுவது அதே பழைய கர்னல்தான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வந்த கையோடு | ஆறவிட்டு | ஒரே வரிசை |
|---|---|---|---|
| புது லேப்டாப் | எல்லாம் சீக்கிரம் வரும் | பெரும்பாலும் வரும் | வைஃபை, திரை வராமல் போகலாம் |
| வெளி டிரைவர் | அடிக்கடி உடையும் | சில மாதத்துக்கு ஒருமுறை சோதனை | அரிதாக உடையும் |
| பெரிய தாவல் | சுமார் இரண்டு மாதத்துக்கு ஒன்று | இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒன்று | வெளியீடு மாறும்போது மட்டும் |
| ஆள் தேவை | பக்கத்திலேயே | கூப்பிட்டால் வருகிற தூரத்தில் | தாவும் நாளில் மட்டும் |

## பழைய வீடு, புதுக் கதவு

கருப்பூர்ப் பெண்ணின் லேப்டாப்பில் மீடியாடெக் எம்டி7925 வைஃபை சிப். அதற்கான டிரைவர் 6.7-இல்தான் கர்னலுக்குள் வந்தது. அவள் போட்டிருந்தது டெபியன் 12, கர்னல் 6.1. எத்தனை முறை அப்டேட் போட்டாலும் அந்த வரிசையில் அது வரப்போவதில்லை. இணையத்தில் யாரோ சொன்ன டிரைவரைத் தொகுத்து ஏற்ற இரண்டு நாள் போராடியிருக்கிறாள்.

பழைய வெளியீட்டுக்குப் புது மென்பொருளைத் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸ் கிடங்கிலிருந்து 6.12 கர்னலை மட்டும் எடுத்துப் போட்டோம். போனை யுஎஸ்பி கேபிளில் கட்டி அதன் நெட் வழியாக இறக்கினாள். வைஃபை சிப்புக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பையும் கூடவே புதுசாக எடுக்க வேண்டியிருந்தது, இதைத்தான் பலர் மறக்கிறார்கள். மற்ற மென்பொருள் எல்லாம் பழையபடியே இருந்தன. ரீபூட் ஆகி வந்ததும் விடுதியின் வைஃபை பெயர் பட்டியலில் விழுந்தது.

புது வன்பொருளுக்கு இந்தக் கலப்பு வழி அருமையானது. பேக்போர்ட்ஸ் கர்னலுக்கு மட்டும் பாதுகாப்பு ஒட்டு கொஞ்சம் தாமதமாகலாம், அந்த விலையைத் தெரிந்து கொடுக்க வேண்டும். இதைச் செய்யும் முன் புதிய ஃபெடோராவையோ டெபியன் 13-ஐயோ பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை அதில் வந்தால் கர்னல்தான் பிரச்சினை. வராவிட்டால் கர்னலை மாற்றிப் பயனில்லை.

யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. ரியல்டெக்கின் 8821சியு, 8822பியு போன்ற சிப்களுக்கு 6.2-இலிருந்தே டிரைவர் கர்னலுக்குள் இருக்கிறது. இந்த மாதிரி இடத்தில் பெரிய தாவல் தொல்லையைக் கூட்டாது, குறைக்கும். வெளி டிரைவரை நீக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

## கடை, பட்டறை, எஸ்டேட்

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் இருப்பது பில் போடும் கணினி. எடைத் தராசு யுஎஸ்பி-சீரியல் கம்பியில் வருகிறது, தெர்மல் பிரிண்டர் ஒன்று, அவ்வளவுதான். இவற்றின் டிரைவர்கள் பல வருஷமாகக் கர்னலுக்குள்ளேயே இருப்பவை. டெபியன் எல்டிஎஸ் வரிசை, ஞாயிற்றுக்கிழமை கடை மூடியபின் சின்ன நகர்வும் ரீபூட்டும். அவரிடம் சொன்னது இதுதான்: "அமுக்குங்கண்ணா, ஆனா சனிக்கிழமை காலையில் வேண்டாம்."

சிஎன்சி இயந்திரத்தை லினக்ஸ்சிஎன்சியில் ஓட்டும் சிறு பட்டறைகளுக்குத் தனிக் கணக்கு. அங்கே நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தாமதம்கூடக் கத்தியின் பாதையைக் கெடுக்கலாம். நிகழ்நேர ஆதரவான ப்ரீஎம்ப்ட் ஆர்டி, இருபது வருஷ உழைப்புக்குப் பிறகு 2024-இல் 6.12-க்குள் முழுமையாகச் சேர்ந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு நானும் மகிழ்ந்தேன். இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அதற்காகக் கர்னலை மாற்ற மாட்டேன். வேலையில்லாத நாளில், வேறு டிஸ்கில் நிறுவி, தாமதத்தை அளக்கும் சோதனையை ஒரு முழு நாள் ஓட்டிவிட்டு யோசிக்கலாம். அந்தக் கணினி இணையத்திலேயே இல்லை என்றால் சின்ன நகர்வுக்கும் அவசரமில்லை. நான் அப்படிச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

எஸ்டேட் கணினியை 22.04-இன் முதல் கர்னலான 5.15 வரிசைக்கே திருப்பிவிட்டேன். அதற்கு 2027 வரை ஆதரவு உண்டு. 6.5-இலேயே பிடித்து நிறுத்தியிருக்கலாம், ஆனால் 6.8 வந்ததோடு அதற்கு ஒட்டு வருவது நின்றுவிட்டது. கிரப் மெனு ஐந்து நொடி தெரியும்படி வைத்தேன். அடாப்டரைத் தூக்கிவிட்டு, சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் குழாய் புதைத்துக் கேபிள் இழுத்தோம். கணக்கப்பிள்ளைக்கு மெனுவைக் காட்டி, இரண்டு தடவை அவரையே பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். சுவரில் ஒரு தாளில் வரிசையாக எழுதி ஒட்டியிருக்கிறார், தமிழில், அவர் கையெழுத்தில்.

ஹோம்ஸ்டேக்காரரின் கணினி டெபியன் 12. 13-க்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என் பதில் இது. டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. மே மாதம் கோடை விழா, அறையெல்லாம் நிரம்பியிருக்கும், அப்போது பெரிய தாவலைத் தொடவே வேண்டாம். சின்ன நகர்வுகள் மட்டும் வாரா வாரம் போகட்டும். கூட்டம் குறைந்த ஒரு நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், நானே மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்து மாற்றுகிறேன். 6.1-ஐ மெனுவில் விட்டுவைத்து, இரண்டு தடவை கரண்டை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.